இவருடைய டெக்குகளும் என் கல்யாண கேசட்டும்

மற்றவர்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கும்? பித்தளை அண்டா, ஜமுக்காளம், பிள்ளைகளைப் போட்ட தொட்டில் கம்பு, வருஷத்துக்கு ஒரு தரம் இறக்குகிற பெரிய இட்லிக் கொப்பரை. எங்கள் வீட்டுப் பரணில் ஏழு வீடியோ டெக், தோளில் வைத்துத் தூக்குகிற கேமரா இரண்டு, கல்யாண வீடியோவில் பூவும் இதயமும் போடுகிற மிக்ஸர் ஒன்று, அம்மிக்கல் கனத்தில் ஒரு யூமேட்டிக் மெஷின், பிக்சர் ட்யூப் வைத்த மானிட்டர் இரண்டு. அண்டா கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

எல்லாம் இவர் கைங்கரியம்தான்.

என்னைக் கட்டிக்கொண்டபோது இவர் வீடியோக்காரர். பரவையிலிருந்து சமயநல்லூர், வாடிப்பட்டி, சோழவந்தான் என்று சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எது நடந்தாலும் தோளில் பானசோனிக் எம்-9000 கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி விடுவார். கைக்குழந்தையைத் தூக்குவது போலத்தான் தூக்குவார். பின்னாலேயே லைட் பிடிக்க ஒரு பையன். அந்த லைட்டின் சூடும் வெளிச்சமும் தாங்காமல் அந்தக் காலத்து மாப்பிள்ளை பெண் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டேதான் தாலி கட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டு கேசட்டைப் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது சரியா இல்லையா என்று!

அப்புறம் சின்ன கேசட் வந்தது, சி.டி. வந்தது, மெமரி கார்டு வந்தது. கடைசியில் ஆளாளுக்குக் கையில் போன் வந்தது. 2011-ல் ஸ்டூடியோவை மூடிவிட்டு எலக்ட்ரிகல் கடை வைத்தார். தொழிலை விட்டாரே தவிர மெஷின்களை விடவில்லை. காய்கறி மார்க்கெட்டுக்குத் தக்காளி வாங்கப் போவார். வரும்போது பையில் தக்காளிக்குப் பதில் காயலாங்கடையில் எடைக்குப் போடப் பார்த்த ஒரு டெக் இருக்கும். "அறுநூறு ரூபாய்தான். உள்ளே மோட்டார் மட்டும் அவ்வளவு பெறும்" என்பார். அன்றைக்கு ரசம் புளியோடு நின்றுவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரிய சண்டையே வந்தது. பெரியவளுக்கு காலேஜ் பீஸ் கட்ட என்று சீட்டுப் பணம் ஒன்பதாயிரம் எடுத்து வைத்திருந்தேன். சென்னையில் யாரோ ஸ்டூடியோவை ஏறக்கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் பணத்தில் ஒரு எஸ்-வி.எச்.எஸ். எடிட்டிங் டெக்கை வாங்கி லாரி சர்வீஸில் ஏற்றிவிட்டார். வந்து இறங்கினபோது வாசலிலேயே வைத்து விட்டேன், உள்ளே விடவில்லை. மூன்று நாள் பேச்சு கிடையாது. பீஸுக்கு என் தம்பியிடம் கைமாற்று வாங்கினேன். அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த டெக்கைத் தூக்கிப் போடு என்று இனிமேல் என் வாயால் சொல்ல மாட்டேன். ஏன் என்று கேளுங்கள்.

எங்கள் அப்பா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். எனக்குக் கல்யாணமானது 1999 வைகாசியில். அப்பா போனது 2004-ல். போட்டோ இருக்கிறது. வீட்டில் மாட்டி, மாலை போட்டு, பொட்டு வைத்திருக்கிறோம். போன பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது தம்பி பையன் கேட்டான்: "அத்தை, தாத்தா எப்படிப் பேசுவாரு? பேசிக் காட்டுங்க."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் சொன்ன சொல்லெல்லாம் ஞாபகம் இருக்கிறது, குரல் இல்லை! தம்பியைப் பார்த்தேன். அவனும் விழித்தான். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. "கல்யாண கேசட்டிலே இருப்பாருல்ல" என்றாள். அப்போதுதான் பீரோவில் துணிக்கு அடியில் கிடந்த கேசட் நினைவு வந்தது.

எடுத்துப் பார்த்தால் அடி வயிறு கலங்கிப் போச்சு. உள்ளே சுற்றியிருக்கிற டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். பழைய ஊறுகாய் ஜாடியில் மேலே படருமே, அதே மாதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர் பீரோவுக்குள் ஏறுகிற ஈரத்தில் கேசட்டுக்குள் இது சுலபமாக வந்துவிடும். அதோடு இந்த கேசட்டுக்கு இன்னொரு காயமும் உண்டு. சில வருஷம் முன்னால் டவுனில் ஒரு கடையில் சி.டி. போடக் கொடுத்திருந்தேன், இவருக்குத் தெரியாமல்தான். (இவர் செய்து தருகிறேன் செய்து தருகிறேன் என்று நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தால் வேறு என்ன செய்வது?) அவர்கள் பூஞ்சணத்தோடேயே மெஷினில் போட்டு, டேப்பை அறுத்து, சாதாரண செலோ டேப்பால் ஒட்டி, "ஓடாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடையின் பெயர் எதற்கு, விடுங்கள்.

இவரிடம் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டேப்பு செத்துப் போகலை. ஆனா அவசரப்பட்டா செத்துரும்" என்றார்.

பூஞ்சணம் பிடித்த கேசட்டை ஒருபோதும் அப்படியே டெக்கில் போடாதீர்கள் சகோதரிகளே. டேப் ஒட்டிக்கொண்டு அறுந்து போகும். பூஞ்சணம் டெக்கின் ஹெட்டில் அப்பி, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். வீட்டுக்குள் வைத்து ஊதித் தட்டவும் கூடாது. என் பெரியவளுக்கு வீசிங் உண்டு. முதல் நாள் நான் ஆர்வக்கோளாறில் கூடத்தில் உட்கார்ந்து கேசட்டைத் திறந்ததில் அந்தத் தூள் பறந்து, ராத்திரி முழுக்க அவளுக்கு இன்ஹேலர்தான். அதற்குப் பிறகு வேலை எல்லாம் மொட்டை மாடிக் கொட்டகையில், மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு. முதலில் கேசட்டை சிலிகா ஜெல் பொட்டலங்களோடு ஒரு எவர்சில்வர் சம்படத்தில் பத்து நாள் மூடி வைத்தார். ஈரம் போனதும் பூஞ்சணம் காய்ந்து மாவு மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் காய வைத்தால் என்ன என்று கேட்டேன். "அப்பளமா அது?" என்றார். வெயில் சூட்டில் டேப் நெளிந்து போகுமாம்.

அப்புறம் துடைக்கிற வேலை. போனால் போகட்டும் என்று ஒரு பழைய டெக்கின் மூடியைக் கழற்றி, டேப்பைச் சுற்ற மட்டும் அதை வைத்துக்கொண்டோம். டேப் ஓடுகிற வழியில் பஞ்சு பிரியாத மெத்தென்ற துணியை வைத்து, மெல்ல மெல்ல ஓட்டித் துடைத்தோம். மூன்று மணி நேர கேசட் ஒன்றில் எவ்வளவு நீளம் டேப் இருக்கும் சொல்லுங்கள் பார்ப்போம்? 258 மீட்டர்! கால் கிலோமீட்டருக்கு மேலே. இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம். துணியை மாற்றி மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. அந்தச் செலோ டேப் ஒட்டைப் பிரித்து, அதற்கென்று இருக்கிற ஒட்டு டேப்பால் முதுகுப் பக்கம் ஒட்டினார். சாதாரண செலோ டேப்பின் கோந்து கசிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளுமாம்.

இப்போது ஓட்டுவதற்கு மெஷின் வேண்டும். அங்கேதான் என் சீட்டுப் பணத்து டெக் வந்தது.

அதுவரை எனக்கு டெக் என்றால் கேசட்டை விழுங்குகிற பெட்டி, அவ்வளவுதான். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவுக்கு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவில் பாய் போட்டு விடிய விடிய மூன்று படம் பார்த்திருக்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று யார் பார்த்தார்கள்? மூடியைக் கழற்றி இவர் காட்டினார். பளபளவென்று சாய்வாக ஒரு உருளை, குங்குமச் சிமிழை விடக் கொஞ்சம் பெரிது. அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குட்டி ஹெட்டுகள். அந்த உருளை நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. டேப் அதை அணைத்தாற்போல் மெதுவாக நகர்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழுப் படம், செகண்டுக்கு 25 படம். ஒரு கோட்டின் அகலம் நம் தலைமுடியை விடக் குறைவு. ஒரு துளி தூசி போதும், படம் பூராவும் மழை பெய்யும்.

அந்த டெக்கோ வந்ததிலிருந்து கேசட்டை வாங்கும், உடனே துப்பும். உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தது. பூக்கடை ரப்பர் பேண்டைப் போட்டுப் பார்க்கலாமா என்றேன். சிரித்தார். சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் சொல்லி, அளவு சொல்லி, மூன்றாவது தடவைதான் சரியான பெல்ட் வந்தது. இவருக்கு வெள்ளெழுத்து. விரலும் தடிப்பு. இடுக்கியைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "தள்ளுங்க" என்று நானே உட்கார்ந்துவிட்டேன். தினமும் மல்லிகைப்பூக் கட்டுகிற விரல்தானே! பெல்ட்டை மூன்று கப்பியில் சுற்றி உட்கார வைத்துவிட்டேன். காய்ந்து போன கிரீஸைத் துடைத்தேன். ஹெட்டைத் துடைப்பதையும் சொல்லிக் கொடுத்தார். காது குடைகிற பஞ்சுக் குச்சி கூடவே கூடாது, நூல் சிக்கினால் ஹெட் உடைந்துவிடும். மெல்லிய தோல் துண்டில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை நனைத்து, ஹெட்டின் மேல் சும்மா வைத்துக்கொள்ள வேண்டும். உருளையைத்தான் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் போச்சு.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் பவர் சப்ளையில் கரண்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பழைய பிக்சர் ட்யூப் டி.வி.யில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலே கூட இருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் நான் மூடியைத் தொடுவதில்லை. குழந்தைகளை அந்தப் பக்கமே விடுவதில்லை.

இத்தனை பாடு எதற்கு, புது டெக் ஒன்று வாங்கினால் என்ன என்று நானும்தான் கேட்டேன். விற்றால்தானே! ஜப்பானில் ஜே.வி.சி. 1976-ல் இந்த வி.எச்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியே 2008-ல் தனி டெக் செய்வதை நிறுத்திவிட்டது. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பான் கம்பெனியும், உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று 2016 ஜூலையில் கடையைக் கட்டிவிட்டது. ஆக உலகத்தில் இருக்கிற டெக்கெல்லாம் பழைய டெக்தான். 2019-ல் யுனெஸ்கோவும் ஒலி-ஒளி ஆவணங்களைக் காப்பவர்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து உலகம் பூராவும் ஒரு எச்சரிக்கை விட்டன. டேப்புகளை ஓட்டுகிற மெஷினும் உதிரி பாகமும் மறைந்துகொண்டு வருகின்றன, 2025 வாக்கிலேயே பல இடங்களில் ஓட்டுவது கஷ்டமாகிவிடும், சீக்கிரம் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. கேசட் நன்றாக இருந்தும் மெஷின் இல்லாமல் ஊமையாகிப் போகும் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

எங்கள் ஊர் முனியம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். 2003-ல் 'தூள்' படம் வந்த பிறகு ஊர் உலகமே பரவை முனியம்மா என்று கொண்டாடியது. அதற்கு வெகு காலம் முன்பே கோயில் திருவிழாக்களில் பாடி வந்தவர். 2020 மார்ச்சில் காலமாகிவிட்டார். சினிமாவில் பாடினது எங்கேயும் போகாது. திருவிழாவில் ராத்திரிப் பனியில் நின்று பாடினது? யார் வீட்டு பீரோவிலாவது ஒரு கேசட்டில் இருக்கலாம். "அது வந்தா ஓட்டுறதுக்கு ஒரு டெக்கு வேண்டாமா?" என்பார் இவர். இதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை.

சரி, என் கேசட்டுக்கு வருகிறேன். டெக் கேசட்டை வாங்கிற்று. துப்பவில்லை. முதலில் ஒரே கோடு, புள்ளி. இவர் ஒரு திருகைத் திருப்பித் திருப்பிச் சரி பண்ணினார். இந்த மாதிரி ஸ்டூடியோ டெக்கில் டைம் பேஸ் கரெக்டர் என்று ஒன்று உண்டாம். பழைய டேப்பிலிருந்து கோடுகள் முன்னே பின்னே வந்து சேரும். பிரேயருக்கு ஓடி வருகிற பிள்ளைகளை டீச்சர் வரிசையில் நிறுத்துவது போல இது நிறுத்தி அனுப்பும். படம் நடுங்காமல் நின்றது.

மணவறை. நான். அடேயப்பா, எவ்வளவு ஒல்லி! அப்பா வந்தார். வேட்டி, புது துண்டு. சம்பந்தியிடம் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்கிறார். வாய் அசைகிறது.

கேட்பது சினிமாப் பாட்டு!

மறந்தே போனேன் பாருங்கள். அந்தக் காலத்தில் எடிட்டிங்கில் முதலில் செய்கிற வேலையே, மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போடுவதுதானே! கேசட் முழுக்க மூன்று மணி நேரமும் பாட்டு. அப்பா எத்தனை தடவை வாயைத் திறக்கிறாரோ அத்தனை தடவையும் ஒரு சினிமாப் பாடகர் பாடுகிறார். இவருக்கு முகமே இல்லை. "நானும் எத்தனை வீட்டுக் கேசட்டுக்கு இதைச் செஞ்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் கல்யாணத்தை எடுத்தது இவருடைய கூட்டாளி ஒருவர். கேமராவில் ஓடின மாஸ்டர் கேசட்டில் மண்டபத்துச் சத்தம் அப்படியே இருக்கும். ஆனால் கேசட் விலை கருதி அதையே அடுத்த விசேஷத்துக்குப் போட்டு எடுப்பதுதான் வழக்கம். இருந்தாலும் கேட்டுப் பார்ப்போம் என்று போனோம். மாடிப்படிக்கு அடியில் சாக்கில் அறுபது கேசட்டுக்கு மேல். சீட்டெல்லாம் கரையான் தின்றுவிட்டது. "கொண்டு போங்க தங்கச்சி, எனக்கு எடத்தை அடைக்குது" என்றார்.

இரண்டு மாதம். சமையலை முடித்துவிட்டு மத்தியானம் நான் உட்காருவேன். கடையை அடைத்துவிட்டு ராத்திரி இவர். டெக்கில் ஒரு வட்டத் திருகு உண்டு, அதைத் திருப்பினால் படம் தெரிந்துகொண்டே வேகமாக ஓடும். யார் யார் வீட்டுக் கல்யாணமெல்லாமோ பார்த்தேன். தெரிந்த முகங்கள், இப்போது இல்லாத முகங்கள். இருபத்து மூன்றாவது கேசட், 2001-ல் எடுத்த ஒரு காதுகுத்து. பிள்ளை அழுகிறது, மொய் எழுதுகிறார்கள், முடிந்தது. எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் வெறும் புள்ளி. சட்டென்று எங்கள் கல்யாணப் பந்தி! காதுகுத்து சின்ன விசேஷம், கேசட் முழுக்க ஓடவில்லை. வால் பகுதியில் பழையது அழியாமல் நின்றுவிட்டது.

பதினோரு நிமிஷம். அதில் தாம்பூலப் பை கொடுக்கிற இடத்தில் அப்பா. பின்னால் நாதஸ்வரம், எச்சில் இலை எடுக்கிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். அதற்கு நடுவே: "ஏப்பா, வெத்திலை மேல அந்த ஈரத்துணியைப் போடு. வெயிலு ஏறுதுல்ல. வாடின வெத்திலையைக் குடுத்தா சோழவந்தான் ஆளுன்னு எப்படிச் சொல்லிக்கிறது?"

குரல் கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மெல்லிய குரல், கடைசியில் கொஞ்சம் இழுத்துப் பேசுவார். கேட்டவுடன் ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைக்கே கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து, ஒன்று எங்கள் வீட்டிலும் ஒன்று தம்பி வீட்டிலுமாக வைத்தோம். பென் டிரைவை மட்டும் நம்பக் கூடாது என்கிறார் இவர். பழைய கேசட்டையும் தூக்கிப் போடவில்லை. முதுகுப் பக்கம் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் நாக்கை ஒடித்துவிட்டோம், இனி அதன் மேல் யாரும் எதுவும் பதிய முடியாது. புத்தகம் மாதிரி நிமிர்த்தி, ஈரம் படாத மர அலமாரியில் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்தாலும் இப்படி வையுங்கள், டி.வி. ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு சோழவந்தான் போய், அம்மா காதில் ஹெட்போனை மாட்டிப் போட்டுக் காட்டினோம். சத்தத்தைப் பாதிக்கு மேல் வைத்தார் இவர். அம்மா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஹெட்போனைத் தானே கழற்றினாள்.

"அந்த ஈரத்துணி இருக்குல்ல பாப்பா, அது என்னோட பச்சை வாயில் புடவை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கிழிச்சிட்டாரு."